நீலக்கோடு போன வழி

திருவனந்தபுரம் என்று மலையாளத்தில், பழைய லிபியில், ஒரு தாளில் எழுதி ஸ்கேல் வைத்து அடியில் ஒரு கோடு இழுத்தால், இரண்டு இடத்தில் கோடு எழுத்தை வெட்டும். 'ரு'வின் வால் ரகரத்துக்குக் கீழே இறங்கிச் சுழிந்திருக்கும். 'பு'வின் கொக்கி பகரத்தின் பக்கவாட்டில் இறங்கியிருக்கும். தமிழில் எழுதினாலும் அந்த இரண்டு எழுத்துகளும் வெட்டுப்படும். ஆற்றுகால் இன்னும் சிக்கல். மலையாளத்தில் அந்தப் பெயரில் ஒரு றகரத்துக்கு அடியில் இன்னொரு றகரத்தை அடுக்கி, அதற்கும் கீழே உகரத்தைத் தொங்கவிட வேண்டும். பேனா பிடித்த கை கோட்டைக் கொஞ்சம் இறக்கிப் போட்டுக்கொள்ளும். இணையப் பக்கத்தில் லிங்க்குக்கு அடியில் கோடு போடும் பிரவுசருக்கு அந்தப் பக்குவம் வர இருபத்தைந்து வருஷம் பிடித்தது. வந்து சேர்ந்தபோது, லிங்க்குக்குக் கோடு போடும் வழக்கமே பாதி ஒழிந்துபோயிருந்தது.

முதல் பிரவுசரை டிம் பெர்னர்ஸ்-லீ 1990ல் செர்னில் எழுதியபோது, அவர் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கம்ப்யூட்டரின் திரையில் கறுப்பும் வெள்ளையும் சாம்பலும்தான். நிறம் காட்ட வழியில்லை, கோடு இருந்தது. நீலம் 1993 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மார்க் ஆண்ட்ரீசனும் எரிக் பினாவும் எழுதிய மொசைக் பிரவுசரின் 0.13 பதிப்பில், திறக்காத லிங்க்குக்கு நீலமும் முழுக்கோடும், திறந்து பார்த்துவிட்ட லிங்க்குக்குக் கருஊதாவும் விட்டுவிட்டுப் போகும் கோடும் என்று வைத்தார்கள். அதற்கும் முன்னால், எண்பதுகளிலேயே, மேரிலாந்தில் பென் ஷ்னைடர்மனின் குழு ஹைப்பர்டைஸ் என்ற மென்பொருளுக்காக நிறங்களைச் சோதித்துப் பார்த்திருந்தது. சிவப்பு சட்டென்று கண்ணில் பட்டது, ஆனால் படித்தது மனசில் தங்குவது குறைந்தது. நீலம் கண்ணிலும் பட்டது, படிப்பையும் கெடுக்கவில்லை. இப்போதும் ஒரு பக்கத்தில் எந்த நிறமும் சொல்லாமல் லிங்க் வைத்தால் பெரும்பாலான பிரவுசர்கள் காட்டுவது சிவப்பு 0, பச்சை 0, நீலம் 238 என்ற கலவையைத்தான். பார்த்துவிட்ட லிங்க்குக்கு 85, 26, 139. அந்தக் காலத்துக் கணக்கு இன்னும் மாறவில்லை.

இதெல்லாம் நடந்தபோது திருவனந்தபுரத்தில் டெக்னோபார்க் வந்துவிட்டிருந்தது. 1990ல் கேரள அரசு தொடங்கியது; 1995 நவம்பரில் பிரதமர் நரசிம்ம ராவ் வந்து நாட்டுக்கு அர்ப்பணித்தார். பம்பா, பெரியார், நிளா, பவானி என்று கட்டடங்களுக்கு ஆற்றுப் பெயர்கள். (பவானி நம் நீலகிரியில் பிறந்து அட்டப்பாடியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஈரோட்டுப் பக்கம் வருகிற ஆறு. பாதி உரிமை நமக்கும் உண்டு.) கழக்கூட்டத்தில் ரயில் இறங்கி வேலைக்குப் போகிறவர்களில் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை ஆட்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

1995 ஆகஸ்ட் 15ல் விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இண்டர்நெட்டைத் திறந்தது. மாணவர்களுக்கென்று கொடுத்த மலிவுக் கணக்கில் படம் கிடையாது; லிங்க்ஸ் என்ற எழுத்து மட்டும் காட்டும் பிரவுசரில், அம்புக்குறிச் சாவியை அழுத்த அழுத்த வெளிச்சம் ஒரு லிங்க்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும். அங்கே நீலத்துக்கு வேலையே இல்லை. பிறகு தம்பானூர், ஸ்டாச்சு பக்கங்களில் பலகைத் தடுப்பு போட்ட இண்டர்நெட் கஃபேக்கள் முளைத்தன. நெட்ஸ்கேப்பும் நீலமும் எங்கள் கண்ணுக்குப் பழகியது அங்கேதான்.

நெட்ஸ்கேப்பில் இன்றைய பையன்களுக்குச் சொன்னால் நம்பாத ஒரு வசதி இருந்தது. லிங்க்குக்குக் கோடு வேண்டுமா வேண்டாமா, திறக்காததற்கு என்ன நிறம், திறந்ததற்கு என்ன நிறம், திறந்த லிங்க் எத்தனை நாள் கழித்து மறுபடி நீலமாக வேண்டும், இத்தனையையும் வாசகனே வைத்துக்கொள்ளலாம். பக்கத்தை எழுதியவர் ஏதாவது நிறம் சொல்லியிருந்தால் அதைக் கண்டுகொள்ளாமல் என் நிறத்தையே போடு என்றும் ஒரு பெட்டியில் டிக் செய்யலாம். லிங்க் எப்படித் தெரிய வேண்டும் என்பதில் கடைசிச் சொல் படிக்கிறவனிடம் இருந்தது. கஃபேயில் அந்த அதிகாரம் கடைக்காரரிடம் இருந்தது என்பது வேறு விஷயம். ஒருவர் எழுந்து போன நாற்காலியில் அடுத்தவர் உட்கார்ந்ததும் அவர் பார்த்த லிங்க்குகள் ஊதாவாகக் கிடக்கும். கல்யாண வரன் தளத்தில் பட்டியல் முழுக்க ஊதாவாக இருந்தால், முன்னால் இருந்தவர் வீட்டில் பெண்ணுக்கு மும்முரமாகப் பார்க்கிறார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். நிறம் ஊர்க்கதை சொல்லும் என்பதை பிரவுசர் செய்தவர்கள் பிற்பாடு வேறு விதமாக உணர்ந்தார்கள். அந்தக் கதை பின்னால்.

வாசகனிடமிருந்து அதிகாரம் படிப்படியாகத்தான் கைமாறியது. முதலில் நெட்ஸ்கேப்பே, பக்கத்தின் தலையில் மூன்று சொல் சேர்த்து லிங்க் நிறங்களை மாற்ற வழி செய்தது. 1997 ஜனவரியில் வந்த எச்டிஎம்எல் 3.2 அதை முறைப்படுத்தியது. அதற்கு ஒரு மாதம் முன்னால், 1996 டிசம்பரில், ஹோகோன் வியூம் லீ இரண்டு வருஷம் முன்பு முன்வைத்த யோசனை சிஎஸ்எஸ் என்ற பெயரில் தரநிலையாக வெளிவந்தது. அதன் பிறகு கோட்டை எடுக்க ஒரே வரி போதும். மவுஸ் மேலே வந்தால் மட்டும் கோடு, அல்லது நிறம் மாற்றம், என்ற ஹோவர் வித்தை இண்டர்நெட் எக்ஸ்புளோரர் 4ல் வந்தது. 1998ல் சிஎஸ்எஸ்ஸின் இரண்டாம் பதிப்பில் சேர்ந்தது.

இந்த வேலையைப் படித்தவர்கள் எல்லாருக்கும் ஒரு மனப்பாடச் சூத்திரம் உண்டு: லவ்–ஹேட். லிங்க், விசிட்டட், ஹோவர், ஆக்டிவ் என்ற நான்கு நிலைகளின் முதல் எழுத்துகளை ஆங்கிலத்தில் சேர்த்தால் அப்படி ஒலிக்கும். வரிசை முக்கியம். நான்குக்கும் ஒரே எடை. அதனால் பின்னால் எழுதியதுதான் ஜெயிக்கும். ஹோவரை மேலேயும் விசிட்டடைக் கீழேயும் எழுதிவிட்டால், ஏற்கெனவே பார்த்த லிங்க்கின் மேல் மவுஸ் வந்தாலும் ஒன்றும் நடக்காது. புதிதாகச் சேர்ந்த பையன் அரைநாள் அதோடு மல்லுக்கட்டுவான், பக்கத்து நாற்காலிக்காரர் வந்து இரண்டு வரியை மேலும் கீழுமாக மாற்றிவிட்டுப் போவார். சூத்திரத்தில் ஃபோகஸ் என்ற ஐந்தாவது நிலைக்கு இடமில்லை. மவுஸ் பிடிக்க முடியாமல் டேப் சாவியால் நகர்கிறவருக்கு, இப்போது எந்த லிங்க்கில் நிற்கிறோம் என்று காட்டுகிற வளையம் அது. டிசைனர்களுக்கு அந்த வளையம் அசிங்கமாகத் தெரிந்ததால் ஒரு வரி எழுதி அதையும் அழித்தார்கள். நிறைய தளங்களில் பல வருஷம் அப்படியே கிடந்தது. இந்தத் தொழிலில் ரசனையின் பேரில் நடந்த அநியாயங்களில் இதைத்தான் முதலில் வைப்பேன்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் கம்பெனித் தளம் செய்யச் சொல்லி வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டார்கள். 'அண்ணே, கிளையண்டுக்கு நீலம் வேண்டாமாம், லோகோ கலர் வேணுமாம்' என்று சொல்லிக்கொண்டு ஜூனியர் வந்து நிற்பான். லோகோ ஆரஞ்சு என்றால் லிங்க் ஆரஞ்சு. கோடு போனது. பார்த்ததற்கும் பாராததற்கும் ஒரே நிறம் ஆனது. ஜேக்கப் நீல்சன் தொண்ணூறுகளின் நடுவிலிருந்தே, லிங்க் நிறத்தில் கை வைக்காதீர்கள், வந்த வழியையே மறுபடி சுற்றவைக்காதீர்கள் என்று எழுதிக்கொண்டிருந்தார். அவரை எல்லாரும் படித்தார்கள். பணம் கொடுக்கிறவர் சொன்னதைச் செய்தார்கள்.

அது எந்த நீலம் என்பதும் பணப் பேச்சாகிவிட்டது. 2009ல் கூகுளில் இரண்டு நீலங்களுக்கு நடுவே எது நல்லது என்று முடிவு வராமல் 41 சாயல்களை வைத்துச் சோதித்தார்கள். அங்கே தலைமை டிசைனராக இருந்த டக்ளஸ் போமன் இதைச் சகிக்க முடியாமல் விலகி, காரணத்தையும் வெளிப்படையாக எழுதினார். ஐந்து வருஷம் கழித்து கூகுளின் பிரிட்டன் அதிகாரி ஒருவர், சரியான நீலத்தைக் கண்டுபிடித்ததால் வருஷத்துக்கு 20 கோடி டாலர் கூடுதலாக வந்தது என்றார். அதே 2014ல் தேடல் முடிவுகளின் அடிக்கோட்டை கூகுள் எடுத்துவிட்டது. உலகம் அதிகம் பார்த்த நீலக்கோடு அதுதான்.

திருவனந்தபுரத்தின் தனிக்கதை எழுத்தில் இருக்கிறது. அதற்கு 1971க்குப் போக வேண்டும். அந்த வருஷம் மார்ச்சில் இங்கே தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு அரசாணை வந்தது. ஏப்ரல் 15 முதல் மலையாளத்துக்குப் புதிய லிபி. தட்டச்சு இயந்திரத்தின் சாவிகளுக்குள் மலையாளத்தை அடக்குவதுதான் நோக்கம். மெய்யெழுத்தோடு ஒட்டி, எழுத்துக்கு எழுத்து வேறு வேறாக வளைந்து தொங்கிய உகர ஊகாரங்களைப் பிய்த்தெடுத்து, பக்கத்தில் வைக்கும் தனிக் குறியாக்கினார்கள். அடுக்கெழுத்துகளில் பலவற்றையும் பிரித்து வரிசையில் நிறுத்தினார்கள். நமக்கு 1978ல் எம்ஜிஆர் அரசு பெரியாரின் சீர்திருத்தத்தை எடுத்துக்கொண்டபோது ஐகாரமும் ஆகாரமும்தான் திருந்தின. உகர ஊகாரத்தையும் மாற்ற வேண்டும் என்று வா.செ. குழந்தைசாமி வெகுகாலம் வாதாடினார், நடக்கவில்லை. அதனால் கு, சு, டு, ரு, மு, ழு எல்லாம் ஆளுக்கொரு வடிவில் இன்னும் கீழே காலை நீட்டிக்கொண்டிருக்கின்றன.

தட்டச்சுக்காக வெட்டிய மலையாளம் கம்ப்யூட்டருக்கு அப்படியே வந்தது. கேரளத்து அலுவலகங்களில் சிடாக்கின் ஐஎஸ்எம் மென்பொருளும், எம்எல்-டிடி கார்த்திகா, எம்எல்-டிடி ரேவதி என்ற ஃபான்ட்டுகளும் ஒரு தலைமுறையையே ஆண்டன. ஆங்கில எழுத்துகளுக்கான இடத்தில் மலையாள வடிவங்களைப் பொருத்திய ஃபான்ட்டுகள் அவை. ஆங்கில 'பி' இருக்க வேண்டிய இடத்தில் உகரக் குறி உட்கார்ந்திருந்தது. 1971ல் தனியே பிய்த்திருக்காவிட்டால் அதற்கென்று ஒரு தனிச் சாவி வந்திருக்காது. ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், திருவனந்தபுரம் என்ற பெயர் எக்ஸ், என், சி, பி, எச் என்று தொடங்கி நடுவில் ஒரு சாய்கோடும் பகர அடைப்பும் கலந்த குப்பையாகத் தெரியும். லிங்க் என்றால் அந்தக் குப்பை நீலத்தில், கோட்டோடு. நம் பக்கமும் இதே கூத்துதான். ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைத் தளமும் ஒரு ஃபான்ட் வைத்திருந்தது. முகப்பில் முதல் லிங்க்கே 'எழுத்துருவை இறக்க' என்பதாக இருந்தது. அந்த லிங்க்கைத்தான் நாம் எல்லாரும் முதலில் ஊதாவாக்கினோம்.

1999ல் ஆர். சித்ரஜகுமார், கே.எச். ஹுசைன் முதலானோர் ரசனா அட்சரவேதி என்ற குழுவாகச் சேர்ந்து, இயந்திரத்துக்காக எழுத்தை வெட்டிய காலம் முடிந்துவிட்டது, கம்ப்யூட்டருக்கு எத்தனை வடிவம் வேண்டுமானாலும் தாங்கும், பழைய லிபியைத் திருப்பிக் கொடுங்கள் என்று கிளம்பினார்கள். ரசனா என்ற ஃபான்ட் அப்படி வந்தது. 2001 ஜூலை 20ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் இந்த ஊருக்கு வந்து இந்தியாவின் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்தார். கோழிக்கோட்டில் மாணவர்கள் கூடி உருவாக்கிய ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு யூனிகோடில் வேலையைத் தொடர்ந்தது. ரசனாவும் மீராவும் கட்டற்ற ஃபான்ட்டுகளாகப் பரவின. 2016ல் சந்தோஷ் தொட்டிங்ஙலும் காவ்யா மனோகரும் செய்த மஞ்சரி வந்தது. வளைவுகள் உருண்டு, அடுக்குகள் அடுக்காகவே நிற்கும் பழைய லிபி.

எழுத்து கால் நீட்டத் தொடங்கியதும் கோட்டோடு தகராறு வந்தது. பிரவுசர் போடும் அடிக்கோடு லத்தீன் எழுத்தின் அடிவரிசையை ஒட்டிப் போவது. ஆங்கிலத்தில் ஜி, ஜே, பி, கியூ, ஒய் என்று சின்ன எழுத்துகளில் ஐந்துதான் கீழே இறங்கும். வெட்டினாலும் கண் பொறுத்துக்கொள்ளும். மலையாளத்தில் கோடு உகரச் சுழியின் குறுக்கே போனால் அது ஊகாரமா உகரமா என்று ஒரு நொடி தடுமாற வேண்டியிருக்கும். சின்ன அளவில், மட்டமான திரையில், அடுக்கின் கீழெழுத்து நீலக் கறையாகிவிடும். மலையாளத் தளங்கள் கோட்டைக் கைவிட்டதற்கு ஃபேஷன் மட்டும் காரணமில்லை. நான் பார்த்தவரை நிறையப் பேர் இதற்காகத்தான் கோட்டை எடுத்தார்கள், எடுத்ததற்கு ஃபேஷனைச் சாக்குச் சொன்னார்கள். சிலர் கோட்டுக்குப் பதில் லிங்க்கின் கீழ் பார்டர் வைத்தார்கள். பார்டர் எழுத்துப்பெட்டியின் அடியில் போகும், எழுத்தைத் தொடாது. ஆனால் வரிகளுக்கு நடுவே இடம் குறைவாக இருந்தால் அடுத்த வரியின் தலையில் இடிக்கும்.

பிரவுசர்கள் வழிக்கு வந்தது இப்படி. ஆப்பிள் 2014ல் சஃபாரியில், எழுத்தின் மை வரும் இடத்தில் கோடு விலகி நிற்கச் செய்தது. 2018 ஜனவரியில் குரோம் 64லும், 2019 அக்டோபரில் ஃபயர்ஃபாக்ஸ் 70லும் அது சொல்லாமலே நடக்கும் வழக்கமானது. 1971ல் இயந்திரத்துக்காக எழுத்து விலகிக்கொண்டது. இப்போது எழுத்துக்காகக் கோடு விலகுகிறது. ஆங்கிலத்துக்கு இது போதும். மலையாளத்திலும் தமிழிலும் கால் நீட்டும் எழுத்துகள் அதிகம் என்பதால், விலகி விலகிக் கோடு துண்டு துண்டாகிவிடுகிறது. 'முழுவதும்' என்று ஒரு லிங்க் வைத்துப் பாருங்கள். கோட்டின் பாதியைக் காணோம். நம் எழுத்துகளுக்குச் சரியான மருந்து வேறு இரண்டு வசதிகள்: கோட்டை எவ்வளவு இறக்க வேண்டும் என்று அளவு சொல்வது, அல்லது எல்லா எழுத்தின் காலுக்கும் கீழே போ என்று சொல்லிவிடுவது. இரண்டும் 2020 வாக்கில் முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்தன. வரி இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினால் ஆற்றுகால் முழுசாகத் தெரியும், கோடும் முழுசாக இருக்கும். மூன்றே வரி வேலை. இதைச் செய்திருக்கும் தமிழ், மலையாளத் தளங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஊதாவின் கதை கோட்டின் கதையை விட வில்லங்கமானது. கஃபேயில் முன்னால் இருந்தவரின் ஊதா அடுத்தவருக்குத் தெரிந்தது போல, பக்கத்தை எழுதியவருக்கும் தெரியும் என்பதை 2002ல் மோசில்லாவின் பிழைப் பட்டியலில் ஒருவர் பதிந்தார். வேலை இப்படி நடக்கும்: என் பக்கத்தில் கண்ணுக்குப் படாமல் ஆயிரம் லிங்க் வைக்கிறேன். வங்கி, மருத்துவமனை, கட்சி, கல்யாணத் தளம். உங்கள் பிரவுசர் நீங்கள் போனவற்றை ஊதாவாகக் காட்டும். எந்த லிங்க் என்ன நிறத்தில் இருக்கிறது என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் கேட்டால் பிரவுசர் அப்பாவியாகச் சொல்லிவிடும். நீங்கள் ஒன்றையும் கிளிக் செய்யவே வேண்டாம். 2010ல் சான் தியேகோவில் உள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெரிய தளங்களை அலசியபோது, நிஜமாகவே இதைச் செய்துகொண்டிருந்த 46 தளங்கள் அகப்பட்டன.

அதே வருஷம் மோசில்லாவின் டேவிட் பேரன் ஒரு வழி சொன்னார். இனிமேல் பிரவுசர் பொய் சொல்லும். கண்ணுக்கு ஊதா காட்டும், ஸ்கிரிப்ட் கேட்டால் நீலம் என்றே சொல்லும். பார்த்த லிங்க்குக்கு நிறத்தை மட்டும்தான் மாற்றலாம். எழுத்தைத் தடிமனாக்குவது, பக்கத்தில் ஒரு டிக் படம் வைப்பது எல்லாம் இனிக் கிடையாது, ஏனென்றால் அகலம் மாறினால் அளந்து கண்டுபிடித்துவிடலாம். மற்ற பிரவுசர்களும் அதையே எடுத்துக்கொண்டன. அப்போதும் ஓட்டை முழுக்க அடைபடவில்லை. 2025ல் குரோம் 136 பதிப்பிலிருந்து, ஒரு லிங்க்கை எந்தத் தளத்தில் வைத்துத் திறந்தீர்களோ அந்தத் தளத்தில் மட்டுமே அது ஊதாவாகும். தேடலில் திறந்து படித்த கட்டுரையின் லிங்க் வேறொரு தளத்தில் வந்தால் அங்கே அது புது லிங்க். திருட்டைத் தடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் எதைப் படித்தோம் என்று வாசகனுக்கு நினைவூட்ட வந்த நிறம், அந்த வேலையில் பாதியை விட்டுவிட்டது.

பழைய சீரை இன்றும் காப்பாற்றுகிற பெரிய தளம் விக்கிப்பீடியா. மலையாள விக்கிப்பீடியா 2002 டிசம்பரில் தொடங்கியது, தமிழ் அடுத்த வருஷம். உள்ள கட்டுரைக்கு நீலம், படித்ததற்கு ஊதா, இன்னும் எழுதப்படாததற்குச் சிவப்பு. நம் ஊரைப் பற்றிய கட்டுரையில் ஒரு குளத்தின் பெயர் சிவப்பாக இருந்தால் யாராவது ஒருவருக்குக் கை அரிக்கும், உட்கார்ந்து எழுதிவிடுவார். லிங்க்கின் நிறம் ஒரு ஆளை வேலை செய்ய வைப்பது எனக்குத் தெரிந்து அங்கே மட்டும்தான். கணக்கு வைத்திருப்பவர்கள் கோடு எப்போதும் வேண்டுமா, வேண்டவே வேண்டாமா என்று விருப்பங்களில் தேர்ந்துகொள்ளவும் முடியும். நெட்ஸ்கேப் காலத்து அதிகாரத்தில் ஒரு துண்டு அங்கே மிச்சமிருக்கிறது.

அரசுத் தளங்கள் வேறு தினுசு. இங்கே தலைமைச் செயலகத்துத் துறைகளின் பக்கங்களைத் திறந்தாலும் சரி, சென்னைக் கோட்டையின் பக்கங்களைத் திறந்தாலும் சரி, புதிய அறிவிப்பின் பக்கத்தில் 'நியூ' என்று மின்னுகிற படத்தைக் காணலாம். எழுத்தை மின்னவைக்க நெட்ஸ்கேப் கொடுத்த பிளிங்க் கட்டளையை ஃபயர்ஃபாக்ஸ் 2013லேயே தூக்கி எறிந்துவிட்டது. நம் அரசாங்கங்கள் படமாகப் பிடித்துவைத்துக்கொண்டன. இதைக் கேலி செய்வது சுலபம். பரீட்சை முடிவு வருகிற அன்று பதற்றத்தோடு வருகிற அப்பாவுக்கு எங்கே அழுத்த வேண்டும் என்று அது காட்டிவிடுகிறது, அதுவும் உண்மை. 2009ல் மத்திய அரசு வெளியிட்ட இணையதள வழிகாட்டி நெறிகளில் லிங்க்கைப் பற்றி நல்ல விதிகள் பல இருக்கின்றன. பிடிஎஃப் என்றால் பிடிஎஃப் என்றும் அது எவ்வளவு பெரிது என்றும் லிங்க்கிலேயே சொல்ல வேண்டும். வெளித்தளத்துக்குப் போகிறோம் என்றால் எச்சரிக்க வேண்டும். அரசாணை லிங்க்குக்குப் பக்கத்தில் எத்தனை எம்பி என்று போட்டிருப்பதைப் பார்க்கும்போது, டேட்டா தீர்ந்துகொண்டிருக்கிற யாரோ ஒருவரை நினைத்து இதை எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றும்.

உலகளவில் அணுகல் நெறிகளும் இதே திசையில்தான். நிறத்தை மட்டும் வைத்து லிங்க்கைப் பிரித்துக் காட்டாதே என்கிறது விதி. கோடு இல்லாவிட்டால், சுற்றியுள்ள எழுத்துக்கும் லிங்க்குக்கும் குறைந்தது மூன்றுக்கு ஒன்று என்ற ஒளி வேறுபாடு வேண்டும். நிறக்குருடு உள்ளவருக்கு லோகோ ஆரஞ்சும் கறுப்பும் ஒன்றுபோல மங்கலாம். இந்த வாதம் மெல்ல வேலை செய்தது. மென்பொருள் எழுதுகிறவர்கள் புழங்கும் கிட்ஹப் தளம், பத்திக்குள் வரும் லிங்க்குகளுக்கு 2023ல் கோட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. இங்கே பூஜப்புரையில் உள்ள எஸ்சிஇஆர்டி வெளியிடும் பத்தாம் வகுப்பு ஐசிடி பாடத்தில் வெப் டிசைனிங்கும் சிஎஸ்எஸ்ஸும் இடம்பெற்றன. தமிழ்வழிக் குழந்தைகளுக்கும் கேரள அரசு தமிழில் பாடப்புத்தகம் போடுகிறது. அந்தப் பாடத்தோடு கோட்டின் நியாயத்தையும் சேர்த்துச் சொல்லலாம்.

போன் வந்த பிறகு இந்தச் சண்டையில் பாதி அர்த்தமில்லாமல் போனது. விரல் மேலே மிதக்காது, தொட்டால் தொட்டதுதான். அதனால் ஹோவர் செத்தது. மவுஸ் வந்தால்தான் கோடு தெரியும் என்று எழுதிவைத்த பக்கங்களில், போனில் பார்ப்பவருக்கு எது லிங்க் என்றே தெரியாது. வாட்ஸ்ஆப்பில் ஒரு முகவரியை ஒட்டினால் அது படமும் தலைப்பும் இரண்டு வரிச் சுருக்கமும் உள்ள அட்டையாகிவிடுகிறது. அந்தப் படமும் தலைப்பும் எதுவென்று தளக்காரர் பக்கத்துக்குள் மறைவாக எழுதிவைக்கிறார். 2010ல் ஃபேஸ்புக் கொண்டுவந்த ஓப்பன் கிராஃப் என்ற ஏற்பாடு அது. இப்போது டெக்னோபார்க்கில் லிங்க்கின் தோற்றம் என்று கிளையண்ட் பேசினால் பெரும்பாலும் இந்த அட்டையைத்தான் சொல்கிறார். 'குடும்ப குரூப்புல போட்டா போட்டோ வரல்ல சாரே' என்பதுதான் இப்போது வருகிற புகார். சாலை பஜாரில் கடைக்குக் கடை ஒட்டியிருக்கும் க்யூஆர் சதுரமும் உள்ளே ஒரு முகவரிதான். அதைக் கண்ணால் வாசிக்க யாராலும் முடியாது.

பழைய அதிகாரம் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வாசல் இன்னும் திறந்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸின் அமைப்புகளுக்குள் நிறங்கள் என்ற பகுதிக்குப் போனால், திறக்காத லிங்க்குக்கு என்ன நிறம், திறந்ததற்கு என்ன நிறம் என்று கேட்கும். பக்கம் சொல்வதை மீறச் சொல்லியும் வைக்கலாம். எல்லா லிங்க்குக்கும் கோடு போடு என்பதற்குத் தனியாக ஒரு டிக் இருக்கிறது. நான் இரண்டையும் போட்டுப் பார்த்தேன். விக்கிப்பீடியாவும் நீளமான கட்டுரைகளும் படிக்க அத்தனை இதமாக இருந்தன. கவனிக்காமல் விட்ட லிங்க்குகள் பத்திக்குப் பத்தி எழுந்து நின்றன. அடுத்து ஒரு மலையாள நாளிதழின் முகப்பைத் திறந்தேன். தலைப்புகள், துணைத் தலைப்புகள், ராசிபலன், பெட்ரோல் விலை, சினிமா, ஜில்லா வாரியான செய்திகள் என்று அங்கே லிங்க் ஆகாத வார்த்தையே இல்லை. பக்கம் முழுக்க நீலம், வரிக்கு வரி கோடு. தளத்துக்குத் தளம் மாற்றி வைத்துக்கொள்ள அந்த அமைப்பில் வழியில்லை என்பதால், கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்தைப் பழையபடி தளக்காரர்களிடமே விட்டுவிட்டேன்.